முதலில் வெள்ளையைச் சொல்ல வேண்டும்

என் தம்பி ராஜாவின் மகள் தமிழரசி மராத்தி நாட்டில், கட்கி தொழிற்சாலைக் குடியிருப்பில் நல்ல மழைக்காலத்தில் பிறந்தாள். அந்த வருஷம் மேகம் தரையிலேயே நடமாடிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. சற்று நேரம் கழித்துக் கூரை மட்டும் வரும், பிறகு அதுவும் போய்விடும். அப்படி ஒரு வெள்ளைக்குள் பிறந்ததாலோ என்னவோ, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது சின்னதிலிருந்தே அவள் பழக்கம். சுவரைப் பார்ப்பாள், காய்கிற வேட்டியைப் பார்ப்பாள்.

"என்னட்டி பாக்க?" என்று கேட்டால், "அந்த ஆணி வரைக்கும் ஒண்ணுமே இல்ல அத்தே. ஆணிக்கு அப்புறமும் ஒண்ணுமே இல்ல," என்பாள்.

அவள் அம்மா லீலா, அம்பாசமுத்திரத்துப் பெண். எங்கள் பெரியம்மாளுடைய நாத்தனார் வழியில் தெரிந்த வீடு. தகப்பன் இல்லை, தாய் மட்டும். கல்யாணமாகி பிள்ளை ஓடியாடிப் பேசத் தொடங்கிய சமயம், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகள் போன துக்கத்தில் அந்தத் தாயும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். அந்த வீட்டுச் சாமான்கள் யார் கையில் போயினவோ, எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். தம்பி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனோடு தங்கியிருந்த நான் பிள்ளையை வளர்த்தேன்.

அடுத்து வந்த மழைக்கு மூளா ஆறு குடியிருப்புக்குள் ஏறிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில்தான் கல்யாண ஆல்பம், ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் இருந்தன. தண்ணீர் வடிந்து திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த அப்பளக்கட்டாகக் கிடந்தன. பிரித்தால் ஒரு படத்தின் முகம் உரிந்து அடுத்த படத்தின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. ராஜா எல்லாவற்றையும் மாடியில் வெயிலுக்கு வைத்தான். காய்ந்தபின் காற்று அவற்றைச் செதில் செதிலாகக் கொண்டுபோயிற்று. அவன் துரத்திப் பிடிக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

தமிழரசி மராத்திப் பள்ளியில் படித்தாள், டிப்ளமோ முடித்தாள். நாங்கள் விஷ்ராந்த்வாடிக்குக் குடிவந்த பிறகு ஹடப்சரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். பழைய ஃபேக்ஸ்களைத் திறக்கிற வேலை என்று நான் சொல்லிவைத்தேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரி அதை ஏதோ டப்பா திறக்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடல் தாண்டிய ஊர்களில் ஆஸ்பத்திரிக்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் கம்ப்யூட்டரில் வந்து விழுந்த ஃபேக்ஸ்களைப் பல காலமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். அவை தாளாக இருப்பதில்லை, படமாகவும் இருப்பதில்லை. சுருக்கி மடித்த சேதியாக இருக்கும். அதை விரித்து மறுபடி தாளாக்கித் தருவதுதான் அவள் ஆபீசின் தொழில். ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

"தாளை மேலருந்து கீழே வரை மெல்லிசு மெல்லிசா வரியாக்கிக்கோ அத்தே. ஒரு வரில இவ்ளோ தூரம் வெள்ளை, அப்புறம் இவ்ளோ தூரம் கறுப்பு, மறுபடி வெள்ளை. அந்த நீளத்தை மட்டும் சொன்னாப் போதும். அந்தப் பக்கம் இருக்கறவன் வரைஞ்சுக்குவான்."

"எல்லா வரியையும் இப்படிச் சொல்லணுமாக்கும்? வாய் வலிக்காது?"

"வேண்டாமே. நான் ஆபீஸ்லருந்து போன் பண்ணி என்ன சமையல்னு கேட்டா நீ என்ன சொல்லுவே? 'நேத்து வச்சதுதான், கூட ரெண்டு அப்பளம்.' அதே மாதிரி, மேல் வரி எப்படியோ அப்படித்தான், கறுப்பு மட்டும் ஒரு புள்ளி தள்ளி ஆரம்பிக்குதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"நேத்து என்ன வச்சேன்னு தெரியாதவளுக்கு?"

"அவளுக்கு இன்னிக்கும் தெரியாது, நாளைக்கும் தெரியாது. ஒரு வரி தப்பாச்சுன்னா கீழே பூரா தப்பு. பஸ், கதம், அவ்ளோதான்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு கானூன் இருக்கு, சட்டம் மாதிரி," என்றாள். "எந்த வரியா இருந்தாலும் முதல்ல வெள்ளையத்தான் சொல்லணும். எவ்ளோ வெள்ளைன்னு சொன்னப்புறம்தான் கறுப்புக்குப் போகணும்."

அந்த வேலை அவளுக்குள் இறங்கிவிட்டது. பஸ்ஸில் போகும்போது கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற வானத்தை நீளம் நீளமாகப் பார்த்துக்கொண்டு போவாளாம். இவ்வளவு வானம், ஒரு கட்டடம், கொஞ்சம் வானம், ஒரு மரம். பனி இறங்கிய காலைகளில் மரமும் கட்டடமும் கரைந்து வானம் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வருவாள். அவளோடு வேலை செய்கிற காசிம் அதற்காக அவளுக்கு 'கோயீ கோயீ' என்று பெயர் வைத்திருந்தான், எங்கேயோ தொலைந்து நிற்பவள் என்று அர்த்தமாம். காசிம் சோலாப்பூர்க்காரன். அவளிடம் கற்ற நாலு வார்த்தைத் தமிழை என்னிடம் போனில் பேசிப் பார்ப்பான். "அத்தை, நல்லா சாப்பிட்டியா? நல்லா தூங்கிட்டியா?" காலை பத்து மணிக்குக் கேட்பான்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஆளந்தி சாலையில் வண்டிகள் தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி சத்தம்.

"அக்கா," என்றான். "லீலா முகம் வரமாட்டேங்கு."

எனக்கு விளங்கவில்லை.

"கனவுல வாரா. சேலை தெரியுது, கொண்டை தெரியுது. படித்துறைல இறங்கிப் போறா. நான் கூப்பிட்டா திரும்புறா. திரும்பினா முகத்துல ஒண்ணுமில்ல. கோடு இல்லாத தாளு மாதிரி இருக்கு. முழிச்சபொறவு நானா நெனச்சுப் பாக்கேன், அப்பவும் வரமாட்டேங்கு. போன வருஷம் வரைக்கும் வந்துச்சுக்கா."

"வயசாகுதுல்லா," என்றேன்.

"வயசாகட்டும். அது எனக்குள்ள இருந்தா அவ இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் போச்சுன்னா பொறவு எங்க இருக்கா?"

கொடியிலிருந்து துணி எடுத்து வந்த தமிழரசி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா முகம் அவளுக்கு எப்போதுமே தெரியாது. அப்பாவிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தான் கேட்காமலே இருந்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். அன்று துணிகளை மடித்து வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, "வாயேன் அத்தே, ஸ்வாமிநாதன் மாமா வீடு வரை போயிட்டு வரலாம்," என்றாள்.

ஸ்வாமிநாதன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ராஜாவுக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் கேம்ப் பகுதியில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தா. எங்களிடம் போன்கூடக் கிடையாது. அவர் ஆபீசில் ஃபேக்ஸ் நேரே கம்ப்யூட்டருக்குள் வரும் என்பதால், பெண்ணின் படத்தை அம்பாசமுத்திரத்தில் ஒரு எஸ்.டி.டி. கடையிலிருந்து அந்த எண்ணுக்குத்தான் அனுப்பினார்கள். அவர் அச்செடுத்துச் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தாளும் ஆல்பத்துக்குள் வைத்து ஆற்றோடு போனதுதான்.

"மாமா, அந்தக் கம்ப்யூட்டர் என்னாச்சு?" என்று தமிழரசி கேட்டாள்.

"அது அப்பவே பழைய சாமான் வாங்கற கபாடிக்காரன்கிட்ட போயிடுத்தேம்மா. ஆனா மாசாமாசம் வந்ததையெல்லாம் ஃப்ளாப்பில எடுத்து வெச்சிண்டிருந்தேன். ஆபீஸ் மூடினப்போ யாரும் கேக்கலை, நான் ஆத்துக்குக் கொண்டு வந்துட்டேன்." சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் எதையும் தூக்கிப் போடறதில்லைன்னு தினமும் எனக்கு அர்ச்சனை நடக்கறது. நீ எடுத்துண்டு போனா அவளுக்கும் சந்தோஷம்."

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. தமிழரசி அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு தெருவுக்கு எதற்கு ஆட்டோ என்று நான் கேட்கவில்லை. டின் நனைந்துவிடக் கூடாது.

ஃப்ளாப்பி போட்டுப் பார்க்கிற பெட்டி இப்போது யாரிடமும் இல்லை. காசிம் புத்வார் பேட்டைக் கடைகளில் அலைந்து ஒன்றைப் பிடித்து வந்தான். பாதித் தட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. பிழைத்தவற்றில் ஒன்றில் அந்த ஃபேக்ஸ் இருந்தது. தமிழரசி மடிக்கணினியை என் முன்னால் திருப்பி வைத்தாள். தாளின் உச்சியில் எஸ்.டி.டி. கடையின் பெயரும் தேதியும் ஆங்கில எழுத்தில் சுத்தமாகத் தெரிந்தன. அதற்குக் கீழே மழை. சாய்ந்து சாய்ந்து பெய்கிற கறுப்பு மழை, தாளின் கடைசி வரைக்கும்.

"இதுக்குள்ளயா இருக்கா?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ளதான் இருக்காங்க. எங்கியோ ஒரு வரி தப்பாயிருக்கு அத்தே. அதுக்கப்புறம் எல்லாம் தப்பு." பிறகு, "அப்பாகிட்ட சொல்லாதே. இல்லைன்னு ஆயிட்டா தாங்க மாட்டார்," என்றாள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஆபீஸ் முடிந்த பின்னும் அதையே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மழையையே பார்த்துப் பார்த்து, அதில் கண் தெரிகிறது, நெற்றி தெரிகிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. கிட்டே போனால் கலைந்துவிடும். தமிழரசிக்கும் ஒரு கனவு வந்ததாம். முடிவே இல்லாத வெள்ளைத் தரையில் நடந்துகொண்டே இருக்கிறாள். எங்கேயாவது ஒரு கறுப்புப் புள்ளி வந்தால் அங்கிருந்து திரும்பிவிடலாம் என்று நடக்கிறாள். காலுக்குக் கீழே தரை துணி மாதிரி அசைகிறது. பயமாக இல்லை, இதமாகத்தான் இருந்தது என்றாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ராஜாவும் கனவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். வருவதே இல்லையா, வந்தும் சொல்லவில்லையா என்று தெரியவில்லை. சாப்பிடுகிறபோது திடீரென்று கையை நிறுத்தி எதையோ தேடுவான்.

"ஃப்ளாப்பி செத்துப்போச்சு, தமிழ்," என்று காசிம் அவளிடம் இந்தியில் சொல்லிவிட்டான். எனக்குத் தமிழிலும் சொன்னான்: "போச்சு அத்தை. நல்லா போச்சு."

தீபாவளி வந்தது. விடிந்து குளியலெல்லாம் ஆன பிறகு தமிழரசி அப்பாவுக்கு வாங்கிய வேட்டியைப் பிரித்தாள். எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் தொட்டுத்தான் உடுத்தக் கொடுப்போம். நான் செய்வதைப் பார்த்து அவளுக்கும் கை பழகியிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, விரலை நனைத்து, மூலையில் வைத்தாள். விரல் கொஞ்சம் வழுக்கிக் கரையைத் தாண்டிப் போய்விட்டது. குங்குமம் துணியின் விளிம்பிலிருந்தே தொடங்கியது, முன்னால் ஒரு நூல்கூட வெள்ளை இல்லாமல்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

"அத்தே," என்றாள். "அம்மாவோட அம்மா தாளுக்கும் இது வைப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாளுக்கா? அந்த அம்மா கரண்டு பில்லுக்கே வைப்பாளாம்ட்டி. உங்க அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. முழு நீளத் தாள்ல போட்டோவ ஒட்டி, நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் அப்பி எடுத்துட்டுப் போயிருக்கா. எஸ்.டி.டி. கடைக்காரன் 'மிஷின் என்னத்துக்காகும்'னு கத்துனானாம். 'நல்ல காரியத்துக்கு மொட்டைத் தாளா போவும்? உன் மிஷினுக்கும் சேத்து ஒரு பொட்டு வைக்கேன்'னாளாம்."

தமிழரசி எழுந்து போய் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். "மஞ்சள் அந்த மிஷினுக்குத் தெரியாது. குங்குமம் தெரியும், கறுப்பாத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன?"

"ஓரத்துலயே கறுப்பு வந்துட்டா அத்தே! அப்பவும் முதல்ல வெள்ளையச் சொல்லித்தான் ஆகணும். அதனால மிஷின் 'வெள்ளை ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் கறுப்பைச் சொல்லும். எங்க ஆஸ்பத்திரித் தாள் எதுலயும் ஓரத்துல மை இருக்காது. அதனால 'வெள்ளை ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வரி ஆரம்பிச்சா அது கெட்டுப்போன சேதி, அந்த வார்த்தையத் தள்ளிடுன்னு புரோகிராம்ல நான்தான் எழுதி வச்சேன். வேலைக்குச் சேந்த புதுசுல. நானே!" தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டி பொட்டைக் குப்பைன்னு தள்ளிட்டேன். அதுக்கப்புறம் கறுப்பையெல்லாம் வெள்ளைன்னு படிச்சிருக்கு, வெள்ளையக் கறுப்புன்னு."

ராஜா அப்போது தெருவில் பட்சணம் கொடுக்கப் போயிருந்தான். அவள் ஏதோ அழித்தாள், ஏதோ எழுதினாள். போனில் காசிமிடம் இந்தியில் மூச்சுவிடாமல் பேசினாள். அவன் அந்தப் பக்கம் "அரே! அரே!" என்று கத்துவது எனக்கே கேட்டது. பிறகு ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன்.

மூலையில் ஒரு கறுப்பு அப்பல், விரல் அகலத்துக்கு. பிறகு வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து வகிடு எடுத்த தலை மெல்ல மேலே வந்தது, ஆற்றில் முங்கினவள் எழுகிற மாதிரி. புருவம். கண் இரண்டு. மூக்குக்கு இரண்டு புள்ளிதான், உதட்டுக்கு ஒரு கோடு. கன்னமும் தாடையும் எங்கே முடிகின்றன என்று தெரியாமல் வெள்ளையோடு போய்விட்டன. கழுத்துக்குக் கீழே சேலைக்கரை அடர்த்தியாக இருந்தது. இடது கை ஒரு நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது.

"கண்ணத் தொறட்டி," என்றேன்.

அவள் திறந்தாள். என்னவோ ஒரு சத்தம் போட்டாள், வார்த்தை இல்லை. திரையை விரலால் தொட்டுவிட்டு, தொட்ட விரலையே பார்த்தாள். "ரொம்பச் சின்னப் பொண்ணா இருக்காங்க அத்தே. என்னைவிடச் சின்னவங்க," என்றாள்.

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரன் வீட்டு வாசலில் வெடி போட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கெஞ்சிக் கடையைத் திறக்கவைத்து அச்செடுத்து வந்தாள். ராஜா திரும்பி வந்து புது வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும், தாளை அவன் மடியில் வைத்தாள்.

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். பார்த்தான். தாளை எட்டப் பிடித்தான், கிட்டக் கொண்டுவந்தான்.

"ஸ்வாமிநாதன் கொண்டாந்த தாளு," என்றான். "இதான் மொதல்ல பாத்தது." தாளை மடியில் இறக்கி, "ஆனா இது அவ இல்ல," என்றான்.

தமிழரசி முகம் செத்துவிட்டது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கும் இதான் சொன்னேன். ஞாபகம் இருக்குல்லா அக்கா? ஒண்ணும் தெரியலையே, கரியால தீத்துன மாதிரி இருக்கேன்னு. அதுக்குத்தான் லீவு போட்டு நேர்ல பாக்கப் போனேன்." விரலைத் தாளில் வைத்தான். "கன்னம் இப்படி ஒட்டி இருக்காது. இங்ஙன நிறைஞ்சு இருக்கும். சிரிக்கப்போ இன்னும் மேல ஏறும். மூக்கு... இந்தப் புள்ளிக்கு மேல, இப்படி நீளமா வந்து, நுனில கொஞ்சம் மழுங்கி. இந்தப் புருவம் தப்பு, இவ்ளோ தடிமன் கிடையாது. நடுவுல ஒரு இடத்துல முடி இல்லாம வெட்டு மாதிரி இருக்கும், சின்னப்பிள்ளைல அம்மி மேல விழுந்தது."

அந்த வெட்டு எனக்கே மறந்துபோயிருந்தது.

தமிழரசி அவன் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்புறம்ப்பா?"

"உதடு இவ்ளோ இறுக்கமா இருக்காது. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான்னு கோவம், அதான் மூடிக்கிட்டு நிக்கா. காது இதுல வரவே இல்ல பாரு. சின்னக் காது. கம்மல் போட்டா காதே தெரியாது. கண்ணு..." விரல் நின்றது. "கண்ணு வந்திருக்கு. ஆனா இதுல எங்கியோ பாக்கா. அவ அப்படிப் பாக்க மாட்டா. நேரா பாப்பா. நாமதான் கீழ பாக்கணும்."

சொல்லிக்கொண்டே போனான். நான் வைத்த டீ ஆடை கட்டிவிட்டது. வெளியே வெடிப்புகை தெருவை நிறைத்து, எதிர்வீட்டுக் கூரையை மறைத்து, ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்தது. தாள் அவன் கையிலிருந்து வேட்டி மேல் சரிந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்பா?" என்றாள் தமிழரசி.

ஒரு கையை லேசாக உயர்த்தினான்.

"பேசாதீங்க ரெண்டு பேரும்," என்றான் ராஜா. "இருக்கா."

நான் எழுந்துபோய்ச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தினேன்.